தாத்தா பகலில் தூங்க மாட்டார்: குழந்தைகளுக்கு முரண்நகைப் பாடல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய சிற்பத் தொகுதி. தேவர்கள், நாகர்கள், முனிவர்கள், விலங்குகள் என்று நூற்றுக்கு மேல் உருவங்கள். பெரியவர்கள் மேலே ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறவரைப் பார்ப்பார்கள். பிள்ளைகளின் கண் கீழே, பெரிய யானைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அங்கே ஒரு பூனை பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, அதே தவக்கோலத்தில் நிற்கிறது. அதன் காலடியில் பக்தியோடு எலிகள்.

அந்தப் பூனையைக் கண்டதும் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். சிற்பி ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. பூனைக்கு ஓரக்கண் பார்வை வைத்து நமக்குச் சாடை காட்டவும் இல்லை. பூனை என்ன செய்யப்போகிறது என்பது எலிகளுக்குத் தெரியாது, பார்க்கிற குழந்தைக்குத் தெரியும். 'எனக்குத் தெரிஞ்சுபோச்சு' என்ற பெருமையும் அந்தச் சிரிப்பில் சேர்ந்திருக்கிறது. உருத்திராட்சப் பூனை என்று நாம் சொல்கிற பழக்கமும் இந்தக் காட்சியும் ஒரே குடும்பம்.

சொல்வதற்கும் உண்மைக்கும் நடுவே ஓர் இடைவெளியை விட்டு, அதைக் கேட்பவரே கண்டுபிடிக்கும்படி செய்வதை முரண்நகை என்கிறோம். தமிழில் குழந்தைப் பாடல் எழுதுகிறவர்கள் இதை மிகக் குறைவாகத்தான் எடுக்கிறோம் என்பது என் எண்ணம். நம் குழந்தைப் பாடல்களில் ஓசை உண்டு, அன்பு உண்டு, அறிவுரை வேண்டிய மட்டும் உண்டு. குழந்தையின் புத்தியை நம்பி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிற பாடல்கள்தான் போதவில்லை. அதை எப்படி எழுதுவது என்று, ஒரு பாடலை முழுதாகக் கட்டிக்காட்டி, படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த முரண், எந்த வயதுக்கு

முதல் வகை நிலைமையிலேயே இருக்கும் முரண். குடை விற்கிறவர் மழையில் நனைந்துகொண்டே போகிறார். கடிகாரக் கடைக்காரர் நம்மிடம் மணி கேட்கிறார். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் இது பிடித்துவிடும். பார்த்தாலே போதும், யார் மனதில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பாடலில் இருப்பவருக்குத் தெரியாதது கேட்கிற குழந்தைக்குத் தெரிந்திருப்பது. பொம்மலாட்டத்தில் கரடி பின்னால் வந்து நிற்கும்போது பிள்ளைகள் 'பின்னாடி பாரு, பின்னாடி பாரு!' என்று கத்துவார்களே, அதுதான். நாலு வயதுக்கு மேல் இது வேலை செய்யத் தொடங்கும்.

மூன்றாவது சொல்லில் இருக்கும் முரண். ஒன்றைச் சொல்லி அதன் எதிரைக் குறிப்பது. புகழ்வதுபோல் பழிப்பதும் பழிப்பதுபோல் புகழ்வதும் நம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயரில் இருக்கின்றன. குழந்தைக்கு இது சற்றுத் தாமதமாகத்தான் வரும். 'சொன்னது வேறு, நினைத்தது வேறு' என்பது ஐந்தாறு வயதில் பிடிபடத் தொடங்கும். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது என்று ரசிப்பதற்கு எட்டு ஒன்பது வயது ஆகிவிடும். அதற்கு முன்னால் 'ஆஹா, எவ்வளவு சுத்தமான அறை!' என்று குப்பையைக் காட்டிச் சொன்னால், பல பிள்ளைகள் 'சுத்தமா இல்லையே' என்று திருத்துவார்கள், அல்லது நாம் பொய் சொல்கிறோம் என்று நினைப்பார்கள்.

எழுத உட்காரும் முன் வயதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே பாடலில் முதல் வகையும் இரண்டாம் வகையும் கலந்திருந்தால் ஒரு வீட்டில் இருக்கும் அஞ்சு வயதும் பத்து வயதும் சேர்ந்து சிரிக்கலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் எழுத முயல்கிறேன்.

படி 2: சரக்கை வீட்டிலேயே தேடுங்கள்

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் (உணர்ச்சி வெளிப்பாடுகளில்) முதலாவதாக நகையை வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன் (அறியாமை). முரண்நகை என்றதும் நம் கை எள்ளலுக்குத்தான் போகும். குழந்தைப் பாடலுக்கு இளமையும் பேதைமையும்தான் நல்ல விளைநிலம். சொன்னதை அப்படியே நம்புகிற வெள்ளை மனம்தான் முரணைக் காட்ட ஏற்ற கண்ணாடி.

ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு, பெரியவர்கள் சொல்வதையும் உடனே செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 'சத்தம் போடாதே!' என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே 'எப்பப் பார்த்தாலும் என்ன போன்?' என்கிறார்கள். 'பொய் சொல்லக் கூடாது' என்று கற்றுக்கொடுத்த அதே வாய், கடன் கேட்க வந்தவர் மணி அடித்ததும், 'அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு' என்கிறது. பிள்ளை வாசலுக்கு ஓடிப்போய், 'அப்பா வீட்ல இல்லைன்னு அப்பா சொல்லச் சொன்னார்' என்று சொல்லிவிட்டு வருகிறது. இந்தக் கடைசிக் காட்சியை எத்தனை வீட்டில் கேட்டாலும் எங்கள் வீட்டிலும் நடந்தது என்பார்கள். அதனாலேயே அதை எழுதாதீர்கள், எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவையாகிவிட்டது. உங்கள் நோட்டில் இன்னும் யாரும் எடுக்காத ஒன்று நிச்சயம் இருக்கும்.

என் நோட்டில் இருந்தது ஒரு தாத்தா. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் நன்றாகக் குறட்டை விடுவார். எழுப்பினால் 'தூங்கலைடா, சும்மா கண்ணை மூடிட்டிருந்தேன்' என்பார். அதிலிருந்துதான் பாடல் வந்தது.

படி 3: யார் பேசுகிறார் என்று முடிவு செய்யுங்கள்

முரண்நகைப் பாடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நான் முதலில் எழுதியது இது:

தாத்தா நல்லாத் தூங்குறார்,
தூங்கலேன்னு சொல்லுறார்,
பொய்யைச் சொல்லும் தாத்தாவைப்
பார்த்தால் சிரிப்பு வருகுது.

ஓசை ஓடுகிறது. ஆனால் குழந்தைக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. தாத்தா தூங்குகிறார் என்பதையும், அவர் சொல்வது பொய் என்பதையும், இது சிரிக்க வேண்டிய விஷயம் என்பதையும் பாட்டே சொல்லிவிட்டது. பேசுகிறவருக்கு எல்லாம் தெரியும், கேட்கிறவருக்கு மிச்சம் வைக்கவில்லை. அதோடு 'பொய்' என்ற சொல் விழுந்ததும் தாத்தா குற்றவாளி ஆகிவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த பிரியம் பாட்டில் இல்லை.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் இருந்தன. தாத்தாவே பேசலாம்: 'நானா தூங்கினேன்? யோசித்துக்கொண்டிருந்தேன்' என்று தன்னைத்தானே நியாயப்படுத்துகிற பாட்டு. அது பத்து வயதுக்குச் சரியாக வரும். அல்லது தாத்தாவை முழுக்க நம்புகிற பேரன் பேசலாம். நம்புகிற பிள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். கேட்கிற குழந்தை அப்போது பேரனைவிட ஒரு படி மேலே நிற்கும். தாத்தாவுக்கும் காயம் இருக்காது.

தாத்தா பகலில் தூங்க மாட்டார்,
தப்பித் தவறியும் தூங்க மாட்டார்.
திண்ணைத் தூணில் சாய்ந்து கொண்டு
கண்ணை மட்டும் மூடிக் கொள்வார்.

செய்தித் தாளில் எழுத்துச் சிறிது,
தெரிய வில்லை என்று சொல்லி
மூக்கின் மேலே விரித்துப் போட்டு
நோக்கி நோக்கிப் படித்திருப்பார்.

'கொர்ர்ர் கொர்ர்ர்' எனச் சத்தம் கேட்டால்
கூரைப் புறாதான் என்று சொல்வார்.
அந்தப் புறாவும் தாத்தா எழுந்தால்
சொந்தக் கூட்டுக்குப் பறந்து போகும்.

பாப்பா தூங்கும், பூனை தூங்கும்,
பக்கத்து வீட்டு நாயும் தூங்கும்;
பாவம், எங்கள் தாத்தா மட்டும்
பகல்முழுக்க விழித்திருப்பார்.

படி 4: தடயங்களை வரிசையாக வையுங்கள்

குழந்தை தானே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் கண்டுபிடிக்கப் போதிய தடயம் கொடுத்தாக வேண்டும். மறைத்து வைத்துவிட்டு 'புரியலையா?' என்று கேட்பது நியாயம் இல்லை. மேலே உள்ள பாட்டில் தடயங்கள் எப்படி ஏறுகின்றன என்று பாருங்கள்.

கண்ணை மூடுவது மிகச் சாதாரணமான தடயம். அங்கே இன்னும் சந்தேகம்தான். செய்தித்தாளை மூக்கின் மேல் விரித்துப் போடுவது அடுத்தது. அந்த நிலையில் யாரும் படிக்க முடியாது என்பது அஞ்சு வயதுக்கும் தெரியும், பெரும்பாலும் சிரிப்பு இங்கேதான் கிளம்புகிறது. மூன்றாவதாகக் குறட்டை. இங்கே சந்தேகமே மிச்சம் இல்லை.

புறாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதலில் அந்த இடத்தில் 'புறாவைத் தேடி ஏறிப் பார்த்தேன், ஒன்றும் காணோம்' என்று எழுதியிருந்தேன். அது தவறு. பேரன் தேடிப் பார்த்துவிட்டால் அவனுக்கே சந்தேகம் வந்துவிடும், நம்பிக்கை உடைந்துவிடும். 'தாத்தா எழுந்தால் புறா பறந்துபோகும்' என்று மாற்றியதும் ஒரே வரி இரண்டு வேலை செய்தது. பேரன் பார்த்தது உண்மை: தாத்தா எழுந்தால் சத்தம் நின்றுவிடுகிறது. அதற்கு அவன் கண்டுபிடித்த காரணம் தவறு. சரியான காரணம் குழந்தையின் கையில் இருக்கிறது. பேசுகிறவர் உண்மையைப் பார்த்து, தவறாகப் புரிந்துகொள்ளும் வரி ஒன்றாவது உங்கள் பாட்டில் இருக்கட்டும். இந்த வகைப் பாடலில் அதைவிட நல்ல வரி கிடைக்காது.

மூன்று தடயங்கள் பெரும்பாலும் போதும். ஐந்தாறு ஆனால் ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகிவிடும்.

படி 5: கடைசியில் உடைக்காதீர்கள்

பாட்டு முடியும் இடத்தில் எழுதுகிறவருக்கு ஒரு பயம் வரும். குழந்தைக்குப் புரியாமல் போய்விட்டால்? அந்தப் பயத்தில் 'உண்மையில் தாத்தா தூங்கினார்' என்று கடைசி வரியில் சொல்லிவிடுவோம். எழுதிய எல்லாம் அந்த ஒரு வரியில் வீணாகும்.

வேடத்தைக் கலைக்காமல் இன்னும் ஒரு படி அதற்குள்ளேயே போங்கள். பேரன் தாத்தாவுக்காகப் பரிதாபப்படுகிறான்: எல்லோரும் தூங்குகிறார்கள், பாவம், இவர் மட்டும் விழித்திருக்கிறார். பொய்யைக் கண்டுபிடித்த சிரிப்போடு பேரனின் பாசமும் சேர்ந்துகொள்கிறது. பாட்டு முழுக்கப் பேசுகிறவரின் முகம் சிரிக்கவே கூடாது. சிரிக்க வேண்டியது கேட்கிறவர்.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். பாட்டில் 'வேடிக்கை', 'சிரிப்பு', 'ஆனால் பாருங்கள்', 'உண்மையில்' என்ற சொற்கள் இருக்கின்றனவா? இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். பத்தில் எட்டு முறை பாட்டு நன்றாகிவிடும்.

படி 6: தமிழ் கையில் தரும் கருவிகளை எடுங்கள்

வேறு மொழிகளில் குரலை மாற்றித்தான் காட்ட வேண்டிய சில முரண்களை நம்மால் ஓர் எழுத்தில் காட்ட முடியும்.

முதலில் 'ஆம்' என்ற விகுதி. 'சிங்கம் வந்தது' என்பதற்கும் 'சிங்கம் வந்ததாம்' என்பதற்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். 'ஆம்' ஒட்டியதும் 'அவர்கள் சொன்னார்கள், நான் பொறுப்பு இல்லை' என்ற பொருள் வந்துவிடுகிறது. பேச்சிலே பிள்ளைகள் இதை நாள்தோறும் கேட்கிறார்கள்: 'அவன் ஹோம்வொர்க் நோட்டை மாடு தின்னுடுச்சாம்.' ஆனால் நம்புகிற பிள்ளை பேசும் பாட்டில் இதை எடுக்கக் கூடாது. தாத்தா பாட்டில் 'படிப்பாராம்' என்று முதலில் எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். 'ஆம்' வந்தால் பேரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது மரியாதை. சின்ன விஷயத்துக்குப் பெரிய மரியாதை கொடுத்தால் முரண் தானாக எழும். ஈயை 'அவர்' என்று சொல்லுங்கள். எலிக்கு 'எழுந்தருளினார்' என்று வினை போடுங்கள். இதோ ஒரு சின்னப் பாட்டு:

ஊசி போடக் காசு கேளார்,
ஊரில் இப்படி ஒருவர் தாமே;
வாசல் சாத்தி வைத்த போதும்
வீட்டில் வந்து போட்டுச் செல்வார்.

யார் என்று சொல்லவே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைத் தலைப்பு இல்லாமல் விடுகதைபோல் கொடுக்கலாம், 'கொசு!' என்று கத்துவார்கள். ஆறு வயதுக்கு 'கொசு டாக்டர்' என்று தலைப்பு வைத்துவிடுங்கள். அப்போது விடை தெரியும், வஞ்சப்புகழ்ச்சியின் சுவை மட்டும் மிஞ்சும். ஒரே பாட்டைத் தலைப்பால் வயது மாற்றலாம்.

சொல்லாமல் விடுவதில் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் மோர்ப் பாட்டை எல்லோருக்கும் தெரியும்: வானத்தில் இருந்தபோது கார் என்று பெயர், தரைக்கு வந்ததும் நீர் என்று பெயர், ஆய்ச்சியர் கைக்கு வந்ததும் மோர் என்று பெயர், மூன்று பேரும் பெற்றுவிட்டாயே! மோரில் தண்ணீர் அதிகம் என்று ஓரிடத்திலும் இல்லை. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் மன்னன் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து, பீலி (மயில்தோகை) அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லி, அவனுக்கு எதிரான மன்னன் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். 'நீ போரே கண்டதில்லை' என்று சொல்லவில்லை. எதில் குறை இருக்கிறதோ அதையே பாராட்டுகிறார்.

இந்த உத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு பையன் தன் புத்தகத்தைப் பற்றிப் பெருமைப்படுகிறான்:

அட்டை கசங்காக் கணக்குப் புத்தகம்,
ஆண்டு முடிந்தும் புதுசாய் மணக்கும்!

கொல்லன் பட்டறை தெரியாத பிள்ளைக்கும் இது உடனே புரியும். இதைப் படித்த பிறகு ஔவையாரைச் சொன்னால், அந்தப் பழைய பாட்டும் புரிந்துவிடும். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

'பாவம்', 'மட்டும்', 'தான்', 'கூட' என்ற நாலு சின்னச் சொற்களையும் மறக்காதீர்கள். 'கண்ணை மூடிக்கொள்வார்' என்பது செய்தி. 'கண்ணை மட்டும் மூடிக்கொள்வார்' என்றதும் முரண் எட்டிப் பார்க்கிறது.

படி 7: ஓசையை நேராக வையுங்கள்

சீரான தாளம்தான் இந்தப் பாட்டின் சிரிக்காத முகம். தாத்தா பாட்டு அடிக்கு நாலு சீர், பெரும்பாலும் 'தாத்தா', 'பகலில்' போன்ற மாச்சீர், ஒன்றிரண்டு இடத்தில் 'தவறியும்' போன்ற விளமும் 'கூட்டுக்குப்' போன்ற காயும். தொட்டில் ஆட்டுவதுபோல் ஒரே ஆட்டம். வேடிக்கை வரும் வரியில் தாளத்தைக் குலைத்தால் 'இப்போது சிரிக்கலாம்' என்று சைகை காட்டியதாகிவிடும். எனவே வேடிக்கை வரிதான் எல்லா வரியிலும் ஒழுங்கான வரியாக இருக்க வேண்டும்.

முக்கியமான சொல் அடியின் கடைசிச் சீரில் விழட்டும். தமிழில் வினை கடைசியில் வருவது நமக்குக் கிடைத்த வசதி. 'விழித்திருப்பார்' என்று முடிவதால்தான் அந்த வரி நிற்கிறது. அதையே 'விழித்திருப்பார் பகல்முழுக்க' என்று திருப்பிப் படித்துப் பாருங்கள், காற்றுப்போன பந்து.

எதுகை முரணுக்கு இன்னொரு வகையிலும் உதவும். திண்ணை, கண்ணை, அந்த, சொந்த. இரண்டாம் எழுத்து ஒத்துப்போகும்போது, சேராத இரண்டு விஷயமும் சேர்ந்ததுபோல் காதுக்குத் தோன்றும். புறா பறந்துபோனதை நம்ப வைக்கிறது அந்த 'ந்த'. அப்புறம், அச்சிடும்போது சீர் பிரிப்பதற்காக 'பகல்மு ழுக்க விழித்தி ருப்பார்' என்று சொல்லை உடைக்காதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும், வேடிக்கை அதற்குள் ஆறிப்போகும்.

படி 8: சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, தாமதமாக வரும் ஒரு பையனை ஓர் ஆசிரியர் தினமும் 'வாங்க ஜமீன்தார், பல்லக்கு இப்பத்தான் வந்துச்சா?' என்று வரவேற்பார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும், நானும் சிரித்தேன். அவன் காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வருகிறவன். சில வாரத்தில் பள்ளிக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். அதுவும் முரண்நகைதான், இலக்கணப்படி குறையே இல்லாத வஞ்சப்புகழ்ச்சி. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவன் மேல் வீசியதால் அது கல்லாகிவிட்டது.

குழந்தைப் பாடலில் சிரிப்பு மேல்நோக்கிப் போகட்டும். பெரியவர்களின் சால்ஜாப்பு, ராஜாவின் வீறாப்பு, பூனையின் தவம், கொசுவின் சேவை. தோற்றம், நிறம், உடல் பருமன், திக்குவாய், ஏழ்மை, சாதி, வட்டாரப் பேச்சு ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். குழந்தையே பாட்டின் நாயகனாக இருந்தால், அவன் பெருமையோடு பேசட்டும். கசங்காத கணக்குப் புத்தகத்துப் பையனைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, தன் புத்தகமும் அப்படித்தான் என்று நினைத்துத்தான் சிரிக்கிறது. அவனை யாரும் விரல் நீட்டிக் காட்டவில்லை.

அன்பு குறையாத முரணுக்கு ஓர் எளிய அளவுகோல்: பாட்டில் வருகிற ஆளை எதிரே உட்கார வைத்து அதைப் படித்துக்காட்ட முடியுமா? தாத்தா பாட்டைத் தாத்தாவிடம் படிக்கலாம். அவர் 'புறாதான்டா அது' என்று சொல்லக்கூடும்.

படி 9: பெரிய பிள்ளைகளுக்கு அறிவுரையைத் தலைகீழாக்குங்கள்

பத்து வயதுக்கு மேல் இன்னொரு வாசல் திறக்கும். அந்த வயதுக்குள் பிள்ளைகள் ஏராளமான அறிவுரைப் பாட்டுகளை மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்த ஓசையை எடுத்து உள்ளே வேறொன்றை வைக்கலாம்.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஐசக் வாட்ஸ் என்ற கவிஞர் 1715இல் தேனீயின் சுறுசுறுப்பைச் சொல்லிக் குழந்தைகளுக்கு ஒரு பாட்டு எழுதினார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை ஒப்பித்தார்கள். 1865இல் எழுத்தாளர் லூயிஸ் கரோல், ஆலிஸ் என்ற சிறுமியைப் பற்றிய தன் கதையில் அதே தாளத்தில் தேனீக்குப் பதிலாக ஒரு முதலையை வைத்தார். முதலை தன் வாலைப் பளபளப்பாக்குகிறது, நகங்களை அழகாக விரிக்கிறது, புன்னகை பூத்த தாடையோடு சின்ன மீன்களை வரவேற்கிறது. விருந்தோம்பலைப் புகழ்கிற சொற்கள் அப்படியே இருக்கின்றன. மீன்களின் கதி என்ன என்று பாட்டு சொல்லவில்லை. மாமல்லபுரத்துப் பூனைக்கு இந்த முதலை தம்பி.

வங்காளத்தில் கவிஞர் சுகுமார் ராய் சட்டத்தைத் தலைகீழாக்கினார். 1923இல் வெளிவந்த 'ஆபோல் தாபோல்' என்ற பாட்டுத் தொகுப்பில் ஒரு தேசம் வருகிறது. அங்கே வழுக்கி விழுந்தால் சேவகன் வந்து பிடித்துப் போவான், அபராதம் 21 ரூபாய். மாலை ஆறு மணிக்கு முன்னால் தும்ம வேண்டுமானால் டிக்கெட் வாங்க வேண்டும். பாட்டு இதைக் குறையாகச் சொல்வதில்லை, விதிகளை வரிசையாகப் படிக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்த பெரியவர்களுக்கு அது ஒரு விதமாகவும், பிள்ளைகளுக்கு வேறு விதமாகவும் கேட்டிருக்கும்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி: பள்ளியின் விதிகளை எடுத்து, அதே கண்டிப்பான குரலில் ஒன்றிரண்டு படி அதிகமாக எழுதச் சொல்லுங்கள். 'கொட்டாவி விடுவோர் முன் அனுமதி பெற வேண்டும்.' சட்டம் எழுதுகிறவர் எவ்வளவு கறாரோ அவ்வளவு வேடிக்கை. அதன்பின் நாலு சீருக்குள் அடக்கச் சொல்லுங்கள்.

படி 10: படித்துக்காட்டுங்கள், பிறகு படம் போடுங்கள்

பாட்டைப் பிள்ளைகளிடம் படிக்கும்போது குரலில் குறும்பு வேண்டாம். 'மாட்டாஆஆர்' என்று இழுத்தால் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். செய்தி வாசிப்பதுபோல் படியுங்கள். எங்கே சிரிக்கிறார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். செய்தித்தாள் வரியிலும் சிரிப்பு வரவில்லை என்றால் தடயம் போதவில்லை. முதல் வரியிலேயே வந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

யாராவது 'ஆனா தாத்தா தூங்குறாரே!' என்று சொன்னால் பாட்டு பலித்துவிட்டது. அப்போது 'ஆமாம், கண்டுபிடிச்சுட்டியே' என்று பாராட்டாதீர்கள். 'அப்படியா? பாட்டுல அப்படி இல்லையே' என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, ஒவ்வொரு தடயமாக எடுத்து உங்களிடம் வாதாடும். ஒரு முறை ஓர் ஆறு வயதுப் பெண் என் கையில் இருந்த தாளைப் பிடுங்கி, தன் மூக்கின் மேல் விரித்துப் போட்டு, 'ஒண்ணும் தெரியலை, பாருங்க!' என்று காட்டினாள். என் வாதம் அங்கே முடிந்தது.

படம் வரைகிறவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். எழுத்து மறைப்பதைப் படம் காட்டலாம். தாத்தாவின் திறந்த வாய், மூச்சில் ஏறி இறங்கும் செய்தித்தாள், பக்கத்தில் அதே கோலத்தில் தூங்கும் பூனை எல்லாம் வரட்டும். பேரனின் முகத்தில் மட்டும் சந்தேகத்தின் சாயல்கூட வேண்டாம், அவன் வாயில் விரல் வைத்துப் புறாவைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். என் பாட்டுக்கு முதலில் வரைந்தவர் கூரையில் ஓர் அழகான புறாவைப் போட்டிருந்தார். அதை எடுத்துவிடச் சொன்னேன். இப்போது அந்தப் பக்கத்தில் ஓட்டுக் கூரை மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் அதில் புறாவைத் தேடுகிறார்கள்.